குசினிக்குள் ஒரு கதிரை

பொத்துவிலுக்கு இந்தப் பக்கம், கடலை ஒட்டிய ஒரு மீன்பிடிக் கிராமத்தில் என் மாமி மகளும் அவள் கணவனும் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். வருடத்தில் ஒரு தடவையாவது கல்முனைக்குடியிலிருந்து நானும் மனைவியும் அங்கே போய்வருவோம். போகும்போது ஆசையாகப் போவேன். திரும்பும்போது வயிறு நிறைந்திருக்கும், வயிற்றெரிச்சலும் கூடவே வரும். இதையெல்லாம் ஆட்கள் வெளியில் சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன், எனக்குப் பொறாமை.

கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தி அது வலையும் கயிறும் போட்டுவைக்கிற ஒரு வாடி. இப்போது அதன் கிடுகுக் கூரையைக் கடல் பக்கமாக நீட்டி, மணலிலேயே மேசைகளைப் போட்டிருக்கிறார்கள். அலையில் பலகை ஓட்ட வந்த வெள்ளைக்காரர்கள் நனைந்த காற்சட்டையோடு வந்து குந்தி நண்டு உடைப்பார்கள். கொழும்புக் குடும்பங்கள் ஐஸ் பெட்டியை எட்டிப் பார்த்து, இந்தப் பாரை, அந்தக் கொடுவா என்று கைகாட்டுவார்கள். விடியற்காலையில் மாமி மகளின் கணவன் போட்டில் கொண்டுவந்த மீன்தான் பகலில் சாப்பாட்டுக் கோப்பையில் கிடக்கும். கடைக்கு ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. ஓட்டோக்காரனிடம் நண்டுக் கடை என்று சொன்னால் போதும், கொண்டுவந்து இறக்கிவிடுவான்.

எனக்குக் கல்முனை பஸாரில் பிடவைக் கடை இருக்கிறது. பலகை பெரிது, இரவில் எரியும். உள்ளே குளிரூட்டியும் இருக்கிறது. அந்தக் குளிரில் பெண்கள் வந்து குந்தி, தட்டிலுள்ள துணி முழுவதையும் விரித்துப் பார்த்து, வேர்வை காய்ந்ததும் பிறகு வாறோம் என்று எழும்பிப் போவார்கள். ஆனாலும் கடையைப் பார்த்து வந்த பொறாமை என்றால் அதை நான் எப்படியோ சமாளித்திருப்பேன்.

அங்கே போனால் எங்களைக் கடல் பக்கத்து மேசையில் இருத்தமாட்டார்கள். அது வருகிறவர் போகிறவருக்கு. நாங்கள் வீட்டாட்கள் என்று நேரே குசினிக்குள் கூட்டிப்போவார்கள். அடுப்புக்குச் சற்றுத் தள்ளி மாமி மகள் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போடுவாள். தான் கீழே பலகையில் குந்தி மீன் அரிவாள். முக்காடு ஆணியில் தொங்கும். காதோரத்து நரை, கழுத்து வேர்வை எல்லாவற்றோடும் என்னிடம் ஊர்க்கதை கேட்டபடி இருப்பாள். நான் அவளுக்குக் காக்கா, அண்ணன் முறை. கூடப்பிறந்த அண்ணனுக்கு முன்னால் எங்கள் பெண்கள் தலையை மூடத் தேவையில்லை.

என் மனைவிக்கு அந்தக் குசினியைக் கண்ணில் காட்டக்கூடாது. "இவ்வளவு தூரம் ஓடி வந்து, கடல முதுகுக்குப் பின்னால விட்டுப்போட்டு அடுப்பப் பாத்துக்கிட்டு இரிக்கிற ஆக்கள் நம்மதான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். நான் கேளாத மாதிரி இருப்பேன். கடல் எங்கள் ஊரிலும் இருக்கிறது.

மாமி மகள் எப்படித் தங்கச்சியானாள் என்ற கதைக்கு வருகிறேன். அவள் என் வாப்பாவின் தங்கை மகள். முறைப்படி எனக்கு மச்சி, நான் அவளுக்கு மச்சான். சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிட்டாள். மதில் மேல் ஏறி நின்று மச்சான், மச்சான் என்று கத்தி, எங்கள் வீட்டு ஜம்பு மரத்தில் பழம் பறித்துத் தரச் சொல்வாள். மாமி மகளை மாமா மகன் கட்டுவது எங்கள் பக்கத்தில் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயமே இல்லை, முடிவான விஷயத்தைப் பேசுவதுதான் வழக்கம். குமரான பிறகு அவள் என் கண்ணில் படுவதை நிறுத்திவிட்டாள். கட்டக்கூடிய மச்சானுக்கு முன்னால் வரக்கூடாதல்லவா. அந்த ஒளிப்பிலேயே எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

எனக்குக் கடை வியாபாரம் பிடிபட்ட பிறகு வாப்பா மாமியிடம் கதைத்தார். மாமி முதலில் தலையாட்டினா. அடுத்த கிழமை ஆள் அனுப்பினா. இந்தச் சம்பந்தம் கூடாது, பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் உம்மாவிடம் பால் குடித்திருக்கிறாள், ஆகவே அவளும் அவனும் சகோதரங்கள் என்று. மாமிக்குப் பிள்ளை பிறந்த கையோடு குலப்பன் காய்ச்சல் வந்து படுக்கையில் கிடந்தாவாம். என் தங்கச்சி அப்போது பால்குடி. அவளோடு சேர்த்து இவளையும் உம்மா மடியில் போட்டிருக்கிறா.

எங்கள் ஆட்களிடம் பால் என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் அதற்குமேல் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பால்குடி உறவில் கலியாணம் ஹராம், சரி. எத்தனை தரம், எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. வாப்பா தோளில் கிடந்த சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு எழும்பினார். நானும் கேட்கவில்லை. அந்தக் கிழமையிலிருந்து அவள் என்னைக் காக்கா என்று கூப்பிடத் தொடங்கினாள். வேடிக்கையைப் பாருங்கள், மச்சானாக இருந்த காலத்தில் அவளுடைய நிழலைக்கூடக் காண ஏலாது. காக்காவானதும் அவள் என் முன்னால் தாராளமாக நடமாடினாள், தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள், என் சேர்ட்டில் அறுந்த பொத்தானைத் தைத்துத் தந்தாள். எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

பிறகு அவளுக்குப் பொத்துவில் பக்கத்து மாப்பிள்ளை வந்தான். மீன்பிடிக்கிறவன், நல்ல உயரம். மாப்பிள்ளை வாசலில் வந்து இறங்கும்போது பெண்ணின் சகோதரன் செம்பில் தண்ணீர் எடுத்து அவன் காலில் ஊற்ற வேண்டும். மாப்பிள்ளை அந்தச் சகோதரனின் விரலில் ஒரு மோதிரம் போடுவான். அவளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. பால்குடிச் சகோதரன் இருக்கிறானே என்று செம்பை என் கையில் தந்தார்கள். அவனுடைய கால் பெரிய கால். மணலில் நடந்து நடந்து விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்தன. ஒரு செம்பு தண்ணீர் ஒரு காலுக்கே போதாமல் போய், இரண்டாவது செம்பும் கொண்டுவந்தேன். "போதும் மச்சான்" என்று சிரித்தபடி என் கையைப் பிடித்து மோதிரத்தைப் போட்டான். மனைவியின் அண்ணன் மச்சான்தானே, முறையாகத்தான் கூப்பிட்டான். அவள் வாயால் நான் கேட்க வேண்டிய சொல், இவனுடைய தாடிக்குள்ளிருந்து வந்தது. இன்றுவரை அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறான்.

நானும் கலியாணம் முடித்தேன். மனைவியில் ஒரு குறை சொல்லமாட்டேன். சொன்னால் அதற்குரிய பதிலை உடனே தந்துவிடுவாள். அவளுக்கு என் மனதில் கிடப்பது தெரியும், தெரியாதவள் மாதிரி நடமாடுவாள். எப்போதாவது ஆணத்தில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லிவிட்டால் மட்டும், "உங்கட தங்கச்சி மாதிரி எனக்கு ஆக்கத் தெரியா" என்பாள். தங்கச்சி என்ற சொல்லை மட்டும் ஒரு இழுவை இழுப்பாள்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவான். அவனும் வந்து, எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, மாமி கொடுத்த சீதன வீட்டில் இருந்தான். ஏதோ கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறாளே என்று என் மனம் கொஞ்சம் ஆறியிருந்தது. கடல் பொங்கி வந்த வருடம் அந்த வீடு அத்திவாரத்தோடு போனது. ஆட்கள் தப்பியது அல்லாஹ்வின் காவல். வீடே இல்லையென்று ஆனபிறகு அவன் அவளையும் மாமியையும் தன் ஊருக்குக் கூட்டிப்போனான். மாமி அங்கேதான் மவுத்தாகி அடக்கமானா. இப்படியாக ஒழுங்கையில் அவளைக் காண்கிற பாக்கியத்தையும் அவனே எடுத்துக்கொண்டான்.

போன இடத்தில் கஷ்டப்பட்டிருந்தால், அல்லாஹ் மன்னிக்கட்டும், எனக்கு ஒரு ஆறுதல் கிடைத்திருக்கும். அவர்கள் கஷ்டப்படவில்லை. அவள் கைப்பக்குவமும் அவன் வலையும் சேர்ந்து அந்த வாடியைச் சாப்பாட்டுக் கடையாக்கிவிட்டன. நான் கதிரையில் இருந்து பார்த்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒருமுறை மேசையெல்லாம் ஆட்கள், வெளியில் அவனுக்குத் தலை நிமிர நேரமில்லை. இவள் அடுப்படியில் நின்று, "இஞ்ச வாங்க" என்று மெதுவாகத்தான் சொன்னாள். அந்த இரைச்சலுக்குள் அவனுக்கு அது எப்படிக் கேட்டதோ தெரியாது, வந்து நின்றான். அவள் கை முழுக்க மசாலா. பொரித்த கணவாயில் ஒரு துண்டை எடுத்து ஊதி, அவன் அவள் வாயில் வைத்தான். அவள் சப்பிப் பார்த்து, "உப்புக் காணும், போதும்" என்றாள். அவன் போய்விட்டான். நான் சுவரில் தொங்கிய அகப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருட நோன்பில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் பயான் நடந்தது. இளம் மௌலவி, குடும்பச் சட்டங்களை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கம் தள்ளியது. பால்குடி உறவு என்ற சொல் காதில் விழுந்ததும் முழிப்பு வந்தது. நாம் பின்பற்றுகிற ஷாபி மத்ஹபின்படி, இரண்டு வயதுக்குள், வயிறு நிறைய, தனித்தனியாக ஐந்து தரம் குடித்திருந்தால்தான் அந்த உறவு வரும் என்றார். ஒன்றிரண்டு தரம் குடித்தால் வராது என்றும், இது தெரியாமல் நம்முடைய ஆட்கள் எத்தனையோ சம்பந்தங்களை வீணாகக் குழப்பியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். அன்று நோன்பு திறந்தபோது எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.

மஃரிப் தொழுத கையோடு தங்கச்சி வீட்டுக்குப் போனேன். உம்மா அங்கேதான் இருக்கிறா. சுகம் கேட்டுவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"உம்மா, மாமி மகளுக்கு நீங்க எத்தின தரம் பால் குடுத்த?"

உம்மா பேரீச்சம்பழத்தின் கொட்டையைக் கையில் எடுத்துவிட்டுச் சொன்னா. "ஒரு தரம்தான். மாமிக்குக் காய்ச்சல் பிடிச்ச அண்டு. அடுத்த நாள் டாக்குத்தர் மாப்பால் எழுதிக் குடுத்திற்றாரு."

"ஒரு தரம்தான் எண்டு நிச்சயமாத் தெரியுமா?"

"ஏன் தெரியா? உன்ட தங்கச்சி அழுது குழறி ஊரக் கூட்டிற்றாள், தன்ட பால மற்றப் புள்ளைக்குக் குடுத்ததுக்கு. பிறகு நான் குடுக்கல்ல."

"அப்ப ஏன் உம்மா நீங்க அத அண்டைக்குச் சொல்லல்ல?"

உம்மா என்னைப் பார்த்தா. "ஆம்பிளையள் குந்தியிருந்த சபையில, என்ட பால் கதைய நான் எழும்பி நிண்டு எண்ணிக் காட்டுறதா? மாமி சொன்னா, எல்லாரும் ஓம் எண்டாங்க. ஒரு தரமெண்டாலும் பால் பால்தான் எண்டு நானும் நினைச்சன். அதுல கணக்கு இரிக்கி எண்டு ஆரு கண்ட?"

அவ்வளவுதான். ஒரு பெண்ணின் வெட்கமும் நான்கு ஆண்களின் மௌனமும் சேர்ந்து என்னைக் காக்காவாக்கியிருந்தன. அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் கடையில் துணி கிழித்தேன், தராவீஹ் தொழுதேன், பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் தங்கச்சி இல்லை. அவளை அவன் கட்டியதற்கு ஒரு தடையும் இல்லை, அது வேறு விஷயம். நான் கட்டுவதற்கும் ஒரு தடையும் இருக்கவில்லை. இதை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று கிடந்து துடித்தேன். சொன்னால் அந்தக் குசினிக் கதிரை போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். தங்கச்சி இல்லையென்றால் அவள் எனக்கு அந்நியப் பெண், நான் அவளுக்கு அந்நிய ஆண். வாயைப் பொத்திக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வரலாம். அதுதான் புத்தியுள்ளவன் செய்கிற வேலை.

பெருநாள் கழிந்து அடுத்த கிழமை காரில் புறப்பட்டோம். காரைதீவு தாண்டும்வரை மனைவி மருமகளைப் பற்றிக் கதைத்தாள். அக்கரைப்பற்றில் கொறிக்கக் கச்சான் வாங்கினோம். திருக்கோவிலுக்குப் பிறகு அவள் கதையை நிறுத்திவிட்டு, "என்ன, வாயில கொழுக்கட்டயா?" என்று கேட்டாள். வெயில் என்று சொன்னேன். கோமாரியில் கடல் கண்ணில் பட்டபோது கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

போய் இறங்கும்போது அவன் முன்பக்கத்தில் தணல் விசிறிக்கொண்டு நின்றான். தாடி பாதி வெளுத்துவிட்டது. தோள் மட்டும் அப்படியே இருக்கிறது. "வாங்க மச்சான், என்ன இந்த முறை சுணக்கம்?" என்று கரியான கையை நீட்டாமல் முழங்கையை நீட்டினான். நானும் என் முழங்கையால் தட்டினேன். மனைவி குசினிப் பக்கம் எட்டியும் பார்க்காமல், "நான் கால நனைச்சிற்று வாறன்" என்று கடலுக்கு நடந்தாள். நான் உள்ளே போனேன்.

அவள் வழக்கமான பலகையில் குந்தி நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். கதிரை போட்டிருந்தது. "மெலிஞ்சிற்றீங்க காக்கா. நோன்புல ஒண்டும் தின்னல்லயா?" என்றாள். நான் ஊர்ப் புதினம் எதுவும் சொல்லாமல், மௌலவி சொன்னதைச் சொன்னேன். பிறகு உம்மா சொன்னதைச் சொன்னேன். அவள் ஒரு நண்டின் ஓட்டைப் பிரித்தாள், கழுவினாள், சட்டியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"என்ட உம்மா ஒரு கிழமை எண்டுதான் சொன்னா" என்றாள். "காய்ச்சல் விடுமட்டும் உங்கட உம்மா வந்து வந்து பால் தந்தாவாம்."

"என்ட உம்மா பொய் சொல்லமாட்டா."

"என்ட உம்மாவும் பொய் சொல்லமாட்டா. ஆனா அவக்கிட்டத் திரும்பக் கேக்க ஏலா."

அவள் குழாயைத் திறந்து அடுத்த நண்டைப் பிடித்தாள். நான் கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டேன். "அண்டைக்கு ஆராவது ஒழுங்கா எண்ணியிருந்தா?"

"அண்டைக்கு ஆரு எண்ணின?" அவள் குரல் உயரவில்லை. "நீங்க கேட்டீங்களா, எத்தின தரம் எண்டு? என்னட்டக் கேட்டீங்களா, உனக்கு என்ன விருப்பம் எண்டு? நீங்க தண்ணிச் செம்போட நிண்டீங்க. நான் அறைக்குள்ள இருந்து ஜன்னலால பாத்துக்கிட்டு இருந்தன். ரெண்டாவது செம்பும் ஓடிப்போய் எடுத்து வந்தீங்க."

நான் கதிரையை முன்னால் இழுத்தேன். "கேப்பன் எண்டு நினைச்சியா?"

"அத இப்ப சொல்லி என்ன செய்ய? எனக்கு நல்ல மனுசன் கிடைச்சிரிக்கான்." அவள் நண்டைக் கையில் பிடித்தபடியே என்னை நேராகப் பார்த்தாள். "உங்கட உம்மா ஒரு தரம் எண்டுறா, என்ட உம்மா ஒரு கிழமை எண்டா. ரெண்டுல எத நம்புறீங்க எண்டு நீங்களே சொல்லுங்க. ஒரு கிழமை எண்டா, இரிங்க காக்கா, சாப்பிட்டுப் போங்க. ஒரு தரம் எண்டா, நான் இப்பிடி உங்களுக்கு முன்னால இரிக்கக்கூடா. அது எனக்கு அல்லாவுக்கிட்டப் பாவம்."

சத்தியமாக, ஒரு கிழமை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சின்னப் பொய், ஒருவருக்கும் நட்டமில்லை. அந்த நேரம் பார்த்து அவன் பின்கதவால் உள்ளே வந்தான்.

"மச்சான், கொடுவா ஒண்டு கிடக்கு, உங்களுக்கெண்டே வெச்சிரிக்கன். சுடுறதா, ஆணம் காய்ச்சுறதா?"

"சுடுங்க" என்றேன்.

அவன் போகத் திரும்பினான், நின்றான். அவள் கையிலிருந்த நண்டுக்கு இன்னும் உயிர் இருந்தது போலும், காலை அசைத்தது. "விடுகா, அது கடிக்கும்" என்று குனிந்து அதை வாங்கி, ஒரே அழுத்தில் உடைத்துச் சட்டியில் போட்டான். அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியைத் தன் புறங்கையால் ஒதுக்கிவிட்டான். கரி ஒரு கோடாக அவள் நெற்றியில் படிந்தது. அவனுக்கு அது தெரியாது. அவள் சிரித்தாள். என் முன்னால், இவ்வளவு கதைக்கும் பிறகு, அந்தச் சிரிப்பை அவள் அவனுக்குக் கொடுத்தாள். அவன் வெளியே போய்விட்டான்.

"ஒரு தரம்தான்" என்றேன். "உம்மா சொன்னதத்தான் நான் நம்புறன்."

என் வாயில் வந்தது உண்மை. அதைக் கொண்டுவந்தது பொறாமை. நான் அவளுக்கு அண்ணன் இல்லை, அவன் எனக்கு மச்சான் இல்லை, இவள் மேல் எனக்கும் ஒரு காலத்தில் உரிமை இருந்தது என்று அந்தக் குசினிச் சுவருக்காவது கேட்க வேண்டும் போல் இருந்தது. அவள் எழும்பிக் கையைத் தேசிக்காய் போட்டுக் கழுவினாள். ஆணியில் கிடந்த முக்காட்டை எடுத்துக் காது மறைய, கழுத்து மறையச் சுற்றினாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு வெளியே பார்த்து, "இஞ்ச, கடல் பக்கத்து மேசையில ரெண்டு பேருக்கு எடுங்க" என்றாள்.

"வீட்டாக்களுக்கு ஏன் வெளிய?" அவன் குரல் கேட்டது.

"கடலப் பாக்க ஆசையாம். போடுங்க."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதையும் நான் எழும்பி வெளியே நடக்கும்போதுதான் கவனித்தேன்.

என் மனைவிக்கு நம்ப முடியவில்லை. ஈரச் செருப்போடு வந்தவள், மேசையில் கோப்பை வைத்திருந்ததைக் கண்டதும் குமர்ப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள். கதிரையைக் கடலுக்கு நேரே திருப்பிப் போட்டு, காற்றில் பறந்த ஹபாயாவை இழுத்துச் செருகிக்கொண்டு இருந்தாள். "இத்தின வருசத்துக்குப் புறகு இண்டைக்குத்தான் நம்மளையும் ஆளா மதிச்சிரிக்காங்க" என்றாள். நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். எனக்கு நேரே குசினி வாசல். அதற்கு ஒரு நீலத் திரைச்சீலை தொங்கியது. அப்படி ஒரு சீலை அங்கே இருப்பதை அதுவரை நான் கவனித்ததில்லை, எந்த நாளும் நான் அதற்கு உள்பக்கம்தான் இருந்திருக்கிறேன்.

அவன் கொடுவாவைக் கொண்டுவந்து வைத்தான். மிளகும் தேசிக்காயும் தடவி, தோல் கருகாமல் சுட்டிருந்தான். அவ்வளவு ருசியான மீன் நான் சாப்பிட்டதில்லை. அதைச் சொல்லவும் வயிறு எரிகிறது. நண்டு ஆணம் வந்தது, சோறு வந்தது, கடைசியில் தயிர் வந்தது. எல்லாவற்றையும் அவனே கொண்டுவந்தான். திரைச்சீலைக்கு உள்ளே சட்டி வைக்கிற சத்தம், அவள் ஏதோ கேட்கிற சத்தம், அவன் பதில் சொல்கிற சத்தம். என்ன சொல்கிறார்கள் என்று வெளியே இருப்பவனுக்குக் கேட்காது. பக்கத்து மேசை வெள்ளைக்காரி நண்டுக் காலைக் கடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளும் நானும் இப்போது ஒரே வரிசை.

"உங்கட தங்கச்சி இண்டைக்கு வெளிய வாறல்லயா?" மனைவி கேட்டாள்.

"வேலையாம்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தங்கச்சி என்ற சொல்லை இந்த முறை இழுக்கவில்லை. மீனின் செவிள் பக்கத்துச் சதையைப் பிய்த்து என் கோப்பையில் வைத்தாள். வீட்டில் அந்தத் துண்டுக்காக என்னோடு மல்லுக்கட்டுகிறவள்.

வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டோம். மனைவி காருக்கு நடந்தாள். நான் குசினி வாசல்வரை போனேன். எந்த நாளும் உள்ளே போய்த்தான் பயணம் சொல்வேன், அவளும் ஒரு பார்சல் கருவாட்டைக் கையில் திணிப்பாள். இன்று சீலைக்கு வெளியே நின்றேன். அவன் உள்ளேதான் இருந்தான், அவனுடைய பெரிய கால்கள் சீலைக்குக் கீழே தெரிந்தன. பக்கத்தில் அவளுடைய கால்கள்.

"நாங்க போய்ட்டு வாறம்" என்றேன். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

உள்ளேயிருந்து அவள் சொன்னாள். "ஓம் மச்சான். பத்திரமாப் போய்ட்டு வாங்க."

மதில் மேல் நின்று கத்திய வயதுக்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் வாயால் இன்றுதான் கேட்டேன். சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. அவள் பக்கத்தில் நின்ற அவனுக்குத் தெரியும்.